பிரபா அக்கா உட்கார்ந்த நாற்காலி

எங்கள் கல்லூரி உளவியல் ஆய்வகத்தில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது துறைத்தலைவருக்கு இல்லை, வெளியிலிருந்து வரும் தேர்வாளருக்கும் இல்லை. சப்ஜெக்ட்டுக்கு. சோதனை செய்கிறவர் மாணவர். யார் மேல் செய்கிறாரோ அவர் சப்ஜெக்ட். பிராக்டிகல் தேர்வுக்கு ஒவ்வொரு மாணவரும் ஆளுக்கொரு சப்ஜெக்ட்டைக் கூட்டிவர வேண்டும் என்பது விதி. அந்த ஆள் இதற்கு முன் அந்தச் சோதனையைப் பார்த்தே இருக்கக் கூடாது என்பது அதைவிடப் பெரிய விதி. காமர்ஸ் முதலாண்டில் யாரையாவது பிடித்து, பஃப்ஸ் வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்து வைத்திருப்பார்கள். பஃப்ஸ் முதல் நாளே தீர்ந்துவிடும். தேர்வன்று அந்த ஆள் போனை எடுக்க மாட்டார்.

உடனே எல்லோருக்கும் ஞாபகம் வருவது பிரபா அக்கா, எங்கள் அட்டெண்டர். இருபத்திரண்டு வருடமாக இந்த ஆய்வகத்தைக் கூட்டித் துடைத்து, பென்சிலும் ரப்பரும் எடுத்துக் கொடுத்து, அப்படியே அந்த நாற்காலியிலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். சோதனை தெரியாத ஆள் வேண்டும் என்ற இடத்தில், பெங்களூரிலேயே அந்தச் சோதனைகளை அதிகம் தெரிந்த ஆளை உட்கார வைப்பது எங்கள் வழக்கம். பதினோரு வருடமாக இங்கே கெஸ்ட் லெக்சரராக இருக்கிற நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வெட்கப்படவும் செய்கிறேன், வருடத்துக்கு இரண்டு முறை, தேர்வு சமயத்தில்.

உதாரணத்துக்கு நட்சத்திரச் சோதனை. கையை ஒரு பலகை மறைத்திருக்கும். எதிரே இருக்கும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, தாளில் அச்சடித்த நட்சத்திரத்தின் இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிவதால் புது ஆள் முதல் தடவை முப்பது முறையாவது கோட்டை இடித்துவிடுவார். ஆறாவது தடவைக்குள் அது ஐந்தாறாகக் குறையும். பழகப் பழக மனிதர் கற்றுக்கொள்கிறார் என்று மாணவர் முடிவு எழுதுவார். பிரபா அக்காவோ ஒரு இடிகூட இல்லாமல் போட்டு முடித்துவிடுவார். அதனால் உட்கார்ந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான்.

"எத்தினி தப்பு வேணும்?"

முப்பது, இருபத்திரண்டு, பதினாறு, பத்து என்று மாணவர் சொல்லச் சொல்ல, அக்கா நிறுத்துப் போடுவதுபோலத் தப்புகளைப் போட்டுக் கொடுப்பார்.

ரெக்கார்டு நோட்டில் கடைசியாக ஒரு பகுதி உண்டு. சோதனையின்போது தான் என்ன உணர்ந்தேன் என்று சப்ஜெக்ட்டே தன் கையால் எழுத வேண்டும். அக்காவிடம் அந்தப் பக்கத்தை யாரும் நீட்டியதில்லை. சந்தோஷமாக இருந்தது, சோதனை மிகவும் சுவாரசியமாக இருந்தது என்று ஆங்கிலத்தில் மாணவர்களே எழுதிக்கொள்வார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் அவர் குடியிருக்கும் நீலசந்திராவிலேயே அதிகச் சந்தோஷமாக வாழ்ந்த பெண்மணி பிரபா அக்காதான்.

நீலசந்திராவில் ஒற்றைப் படுக்கையறை வீடு. புருஷன் உமேஷ் பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் தூங்குவார். மாமியார் இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. அக்கா ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, மாமியாரைக் குளிப்பாட்டி, மூன்று பேருக்கு டப்பா கட்டி, ஒன்பதுக்குள் மூன்றாவது மாடி ஏறி ஆய்வகத்தைத் திறக்க வேண்டும். "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று படியில் கேட்டால் "சூப்பரா கீறேன் சார்" என்பார். அதைக் கேட்டுக்கொண்டே நான் லிஃப்ட்டுக்குப் போய்விடுவேன்.

இந்த வருடம் மே மாதம் அக்காவுக்கு ஒரு பெரிய தலைவலி வந்தது. மகள் தீபிகா இரண்டாம் பி.யு.சி., அதாவது ப்ளஸ் டூ, முடித்திருந்தாள். ஊழியர்களின் பிள்ளைகளுக்கு எங்கள் கல்லூரி வருடத்துக்கு ஒரே ஒரு இடம் ஒதுக்கும். இந்தத் தடவை அது அக்காவுக்கு. உளவியல்தான் படிப்பேன் என்று தீபிகா சொல்லிவிட்டாள். ஆனால் எங்களிடம் உளவியல் இரண்டு விதம். ஒன்று பழைய பி.ஏ.: உளவியல், சமூகவியல், ஆங்கில இலக்கியம் என்று மூன்றும் சம பங்கு. இன்னொன்று ஐந்து வருடத்துக்கு முன் புதிதாக ஆரம்பித்த பி.எஸ்ஸி. க்ளினிக்கல் சைக்காலஜி: முதல் நாளிலிருந்து அது ஒன்றே. ஒரு தடவை பதிந்துவிட்டால் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கவுண்டரில் ஏதாவது ஒரு விண்ணப்பத்தைக் கொடுத்தாக வேண்டும். அக்கா இரண்டையும் நிரப்பி, கைப்பையில் டிபன் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒரு வாரமாக நடமாடினார்.

தீபிகாவுக்கு க்ளினிக்கல்தான் வேண்டும். அவள் பி.யு. காலேஜுக்கு ஒருநாள் ஒரு கவுன்சலர் அம்மா வந்து இவளிடம் அரை மணி நேரம் பேசினாராம். பேசினார் என்பதைவிட, இவளைப் பேசவிட்டாராம். அதிலிருந்து பிடித்த பைத்தியம். அக்காவுக்கோ பி.ஏ.தான் சரியென்று பட்டது.

"மேல படிக்க வெக்க முடியலன்னு வெச்சிக்கோங்க சார். பி.ஏ.ன்னா பி.எட். பண்ணி ஸ்கூல்ல இங்கிலீஷ் டீச்சராவாச்சும் போயிடுவா. இந்த க்ளினிக்கலை வெச்சிக்கினு பாதியில நின்னா எங்க சார் போறது? அவகிட்ட சொன்னா ஒரே பேஜார். மூணு நாளா எங்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. நீங்க சொல்லுங்க சார், எதுல போடட்டும்?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கும் அக்கா" என்றேன். திங்கள், புதன், வியாழன் என்று மூன்று நாளும் மூன்று விதமாக இதையே சொன்னேன்.

எனக்கு என்ன தெரியும்? நான் அந்த மூன்று பாட பி.ஏ.வின் தயாரிப்பு. 2008-இல் இதே கல்லூரியில் முடித்தேன். கடைசி பிராக்டிகலில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. வகுப்பிலேயே அதுதான் அதிகம். நட்சத்திரச் சோதனை, சப்ஜெக்ட் பிரபா அக்கா. அந்த ரெக்கார்டு நோட்டு ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. அப்புறம் எம்.ஏ., நாலாவது முயற்சியில் நெட் தேர்வு, பாதியில் நிற்கிற பிஎச்.டி. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று படித்த இடத்துக்கே வந்து நின்றேன். அன்றைக்கு என்னைத் "தம்பி" என்று கூப்பிட்ட அக்கா, வேலைக்குச் சேர்ந்த அன்றே "சார்" என்று மாற்றிக்கொண்டார். நானும் வேண்டாமென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பிராக்டிகல் தேர்வு. காலையில் டீ கொண்டுவந்த அக்கா, துணிந்து ஸ்டாஃப் ரூமிலேயே கேட்டுவிட்டார். கேட்டிருக்கக் கூடாது. எங்கள் துறையில் பி.ஏ.வா க்ளினிக்கலா என்பது, புதிய படிப்பு வந்த நாளிலிருந்து எரிகிற அடுப்பு.

துறைத்தலைவர் ஜகதாம்பாள் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இங்க பாரு பிரபா, பதினெட்டு வயசுக் கொழந்தைகள். மனுஷான்னா யாருன்னே இன்னும் தெரியாது. அதுக்குள்ள வியாதிப் பேரையெல்லாம் மனப்பாடம் பண்ண வெச்சா, பாக்கறவா எல்லாரும் பேஷண்ட்டாத்தான் தெரிவா. மொதல்ல நாலு நாவல் படிக்கட்டும். நாலு தெரு சுத்தட்டும். ஸ்பெஷலைசேஷனெல்லாம் எம்.ஏ.ல பாத்துக்கலாம்."

புதிய படிப்பைக் கொண்டுவந்த ஸ்ரீஹர்ஷா கன்னடத்தில் மறுத்தார். மூன்று பாடத்தில் மூன்று கைப்பிடி அள்ளிக்கொண்டு வெளியே போகிறவர்களுக்கு, ஒருத்தர் எதிரே உட்கார்ந்து உருப்படியாக நாலு கேள்வி கேட்கக்கூடத் தெரிவதில்லை. கை பழக வேண்டிய தொழிலைச் சீக்கிரமே தொடங்க வேண்டும் என்பது அவர் கட்சி. மேடம் பதில் சொன்னார். அவர் அதற்குப் பதில் சொன்னார். மாநிலத்தில் மூன்று வருடப் படிப்பு நான்கானதையும் மறுபடி மூன்றானதையும் இழுத்தார்கள். அக்கா காலி டம்ளர்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். இரண்டு பேரும் சொல்லாதது ஒன்று இருந்தது: எதைப் படித்தாலும் அந்த மூன்று வருடத்தோடு யாரும் கவுன்சலராக உட்கார முடியாது, அதற்குமேல் இன்னும் பல வருடம் படிக்க வேண்டும். உமேஷ் வேலை செய்கிற ஃபேக்டரியிலேயே எங்கள் க்ளினிக்கல் முதல் பேட்ச் பெண் ஒருத்தி எச்.ஆரில் இருக்கிறாள். உமேஷ் பத்து நிமிஷம் லேட்டாக வந்தால் குறித்துக்கொள்வது அவள்தான்.

"அப்ப எதுல போடட்டும் மேடம்?" என்று அக்கா மறுபடி கேட்டார். மேடத்துக்கும் ஸ்ரீஹர்ஷாவுக்கும் அது காதில் விழவில்லை. அக்கா டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதியம் இரண்டரைக்கு க்ளினிக்கல் இறுதியாண்டுத் தேர்வு ஆரம்பித்தது. உள் தேர்வாளர் நான். ஸ்னேஹா என்கிற பெண் ஓடிவந்தாள். கோயம்புத்தூரிலிருந்து வந்து தங்கிவிட்ட ஐ.டி. குடும்பம், கெட்டிக்காரி, வகுப்பில் முதல்.

"அக்கா, ப்ளீஸ். என் சப்ஜெக்ட் வரல. போன் ஸ்விட்ச் ஆஃப்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் தீபிகாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். கவுண்டருக்குப் போக அம்மா வரச் சொல்லியிருந்தார். நட்சத்திரமெல்லாம் இப்போது பழைய பி.ஏ.வுக்குத்தான். க்ளினிக்கலுக்குக் கேள்வித்தாள் சோதனைகள். ஸ்னேஹாவுக்கு முந்தின நாளே குறித்துக் கொடுத்தது சோர்வு அளவை. நாற்பது வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை பென்சிலால் வட்டம் போட வேண்டும். மொத்தம் அறுபதுக்குள் இருந்தால் இயல்பு. காலையில் எழும்போதே களைப்பாக இருக்கிறது. யாராவது கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது. மற்றவர்களுக்காகத்தான் சிரிக்கிறேன். ஸ்னேஹா ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தாள், அக்கா வட்டம் போட்டுக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு அக்கா "எவ்வளவு வேணும்?" என்று முதலில் கேட்கவில்லை. எனக்கு அது உறைத்தது. முந்தின ராத்திரி மாமியார் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார், விடிய விடியத் தூக்கமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பொய் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

ஸ்னேஹா கூட்டினாள். மறுபடி கூட்டினாள். நூற்றுப் பதினெட்டு. அவள் முகம் சிவந்துவிட்டது. நோட்டின் பின்பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் குனிந்தாள்.

"அக்கா, ரொம்ப அதிகமா வருது. ஸ்கோர் நார்மல்னு வெச்சு டிஸ்கஷன் நேத்தே எழுதி முடிச்சுட்டேன், மூணு பக்கம். எக்ஸ்டர்னல் அடுத்து எங்கிட்டதான் வராங்க. கொஞ்சம் மாத்திக்கலாமா?"

நான் நாலடி தூரத்தில் நின்றிருந்தேன். இப்படி ஒரு எண் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். சோதனையை நிறுத்த வேண்டும், எதிரே இருப்பவரிடம் பேச வேண்டும், ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். போன செமஸ்டரில் அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியவனே நான்தான். பிரபா அக்கா தலையைத் தூக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று பத்து.

"எவ்ளோ வேணும் பாப்பா?" என்றார் அக்கா.

"அம்பது, அம்பத்தஞ்சு போதும் அக்கா."

அக்கா யூனிஃபார்ம் பையிலிருந்து ரப்பரை எடுத்து அழிக்க ஆரம்பித்தார். எதை எதை அழித்தால் சந்தேகம் வராது என்பது அவருக்கு அத்துப்படி. கடைசி பெஞ்சிலிருந்து தீபிகா எழுந்துவிட்டாள்.

"அம்மா, எதுக்கு அழிக்கிற? நீ போட்டதுதானே நெசம்?"

"சும்னே இருடி. பரீட்சை நடக்குது."

எக்ஸ்டர்னல் வந்தார். பக்கங்களைப் புரட்டினார். ஐம்பத்து மூன்று என்று பார்த்து, நன்றாக எழுதியிருக்கிறாய் என்று ஸ்னேஹாவிடம் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். சப்ஜெக்ட் சந்தோஷமாக உணர்ந்தார் என்பதும் அந்த நோட்டில் நேற்றே எழுதியாகிவிட்டிருந்தது.

மூன்று நாற்பதுக்கு மாடிப்படித் திருப்பத்தில் அக்கா இரண்டு விண்ணப்பங்களையும் சுவர்த் திட்டில் விரித்து வைத்தார். தீபிகா பக்கத்தில் நின்றாள். நான் டீ குடிக்கக் கீழே போய்க்கொண்டிருந்தேன்.

"சார், இப்பவாச்சும் ஒண்ணு சொல்லுங்க. டைம் ஆயிடுச்சி."

எனக்கு அப்போது ஒரு வேகம் வந்தது. ஸ்னேஹாவின் மேல் கோபப்பட்டால் என் பங்கு குறைந்துவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

"பி.ஏ.வே போடுங்க அக்கா. அந்தப் பொண்ணு பண்ணினதைப் பாத்தீங்கல்ல? மூணு வருஷம் க்ளினிக்கலே படிச்சுட்டு, எதிர்ல இருக்கற மனுஷி தெரியல. மார்க்குதான் தெரியுது. பி.ஏ.ன்னா நாலும் படிப்பா. மனுஷங்களைப் பாக்கத் தெரியும்."

அக்கா என்னைப் பார்த்தார். கோபமில்லை, அலுப்புதான்.

"நீங்க பி.ஏ.தானே சார்?"

"ஆமா."

"நீங்க நட்சத்திரம் போட வெச்சீங்களே, அன்னிக்கி இவளுக்குப் பத்து மாசம். நிமோனியா. ஆஸ்பத்திரில ஆக்சிஜன் வெச்சிருந்தாங்க. நான் அப்ப கான்ட்ராக்ட்டு. பிராக்டிகல் அன்னிக்கி வரலன்னா வேற ஆள வெச்சிக்குவாங்க. அவர அங்க உக்கார வெச்சிட்டு வந்தேன். எத்தினி தப்பு வேணும்னு உங்களக் கேக்கவே மறந்துட்டேன். கண்ணு கோட்டுல நிக்கவே இல்ல. மத்தவங்களுக்குத் தப்பு கொறையும், எனக்கு ஒவ்வொரு தபாவும் ஏறிக்கினே போச்சி. அஞ்சாவது தபா நீங்க என்னை நிமிந்து பாத்தீங்க. இன்னா ஆச்சி அக்கான்னு கேப்பீங்கன்னு நெனச்சேன்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டார்.

"ரப்பர் இருக்குதான்னு கேட்டீங்க."

எனக்கு ஞாபகம் வந்தது. வந்தது என்ன, போகவே இல்லை. அதன் மேல் எதையோ போட்டு மூடி வைத்திருந்தேன், அவ்வளவுதான். முப்பத்தொன்று, முப்பத்தாறு, நாற்பது என்று ஏறிக்கொண்டே போன எண்களை அழித்து, முப்பத்தொன்று, இருபத்து நான்கு, பதினெட்டு என்று இறக்கி எழுதினேன். பழக்கத்தால் பிழைகள் குறைகின்றன என்று முடிவெழுதினேன். சமூகவியலும் படித்திருந்தேன், இலக்கியமும் படித்திருந்தேன்.

"அக்கா, எனக்குத் தெரியாது" என்றேன். கேட்டிருந்தால்தானே தெரியும்? அக்கா அதைச் சொல்லவில்லை. எனக்கே கேட்டது.

"வுடுங்க சார். உங்களத் தப்பு சொல்லல. அப்ப நீங்களும் சின்னப் புள்ள." அவர் திட்டில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தான் கீது. நான்தான் ஒரு வாரமா சும்னே மண்டைய ஒடச்சிக்கினேன்."

பி.ஏ. விண்ணப்பத்தை நாலாக மடித்துப் பையில் போட்டார். க்ளினிக்கலை மகளிடம் நீட்டினார்.

"நீ கேட்டதையே குடு. இனிமே எங்கிட்ட மூஞ்சத் தூக்காத. ஆனா ஒண்ணு. பிராக்டிகலுக்கு ஆள் வரல, அது இதுன்னு என்னை அந்தச் சேர்ல மட்டும் உக்கார வெக்காத."

தீபிகா வாங்கிக்கொண்டு கீழே போனாள். நாங்கள் இருவரும் மேலிருந்து பார்த்தோம். கவுண்டரில் இருந்தவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார், இதுதானே, மாற்ற முடியாது என்று கேட்டிருப்பார். அவள் தலையாட்டினாள். சீல் விழுந்தது. மூன்று ஐம்பத்தைந்து.

அவள் படியேறி வந்தாள். அம்மா இறங்குவதற்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தார். மூட்டு வலி.

"அம்மா, நூத்திப் பதினெட்டு வந்துச்சில்ல? எதெதுல்லாம் அழிச்ச?"

"அதெல்லாம் எதுக்குடி இப்போ? பாட்டிக்கு மாத்திரை குடுக்கணும், கெளம்பு."

"அப்பா வீட்ல கீறாரு, குடுப்பாரு. நீ சொல்லு. காலையில எந்திரிக்கும்போதேன்னு ஒண்ணு இருந்துச்சில்ல, அதுக்கு மொதல்ல எவ்ளோ போட்ட?"

"நாலு."

"எப்பலேர்ந்து?"

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தார். தீபிகா ஒரு படி கீழே உட்கார்ந்து அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. பிறகு அக்கா ஏதோ சொல்ல ஆரம்பித்தார். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கேட்கிற தூரத்தில் நிற்க எனக்கு உரிமையும் இல்லை.

மேலே மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட எக்ஸ்டர்னல் காத்திருந்தார். போனேன். நடந்ததைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. ஸ்னேஹாவுக்கு எவ்வளவு போடலாம் என்று அவர் கேட்டார்.

நாற்பத்தாறு என்றேன்.